அத்தைக்கு இடுப்பு முறிந்தபோது

"இந்த வயசுல இடுப்பெலும்பு முறிஞ்சா அவ்வளவுதானுங்க." எங்கள் பக்கம் இதை ஏறக்குறைய தீர்ப்பு மாதிரியே சொல்வார்கள். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும், ஒரு அப்பாரோ அப்பத்தாவோ இப்படி விழுந்து, கட்டிலோடு கட்டிலாகக் கிடந்து, முதுகெல்லாம் புண்ணாகிப் போய்ச் சேர்ந்த கதை ஒன்று இருக்கும். கதைகள் பொய்யில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது அந்தக் கட்டில்தான். என் மாமியாருக்கு முறிந்ததிலிருந்து அவர் மறுபடி வாசலுக்கு நடந்து வரும்வரை கூடவே இருந்ததில் எனக்குப் பிடிபட்ட முதல் விஷயம் இது. கீழே எழுதுவதெல்லாம் இதை ஒட்டித்தான்.

அத்தைக்கு 76 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரெல் மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தது. விடிகாலையில் பால் பீச்சக் கட்டுத்தரைக்குப் போனவர், கன்றுக்குட்டி இழுத்த கயிறு காலில் மாட்டிப் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். மாடியிலிருந்தோ வண்டியிலிருந்தோ விழவில்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு நாலு துண்டு. அப்படி முறிகிற எலும்பு ஏற்கெனவே உளுத்துப்போன எலும்பு என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவருடைய வலது கால் இடதைவிடக் குட்டையாக இருந்தது. பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, சுண்டுவிரல் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. குதிகாலைத் துளிகூடத் தூக்க முடியவில்லை. விழுந்த முதியவருக்குக் கால் இப்படிக் குட்டையாகி வெளியே திரும்பியிருந்தால், சுளுக்கு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். பக்கத்துத் தோட்டத்தம்மா நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, "காலை ஒரு இழு இழுத்து நீவி விட்டா சரியாப் போயிருமுங்க" என்றார். நல்ல மனுஷி, எங்களுக்கு எவ்வளவோ உதவியிருக்கிறார். ஆனாலும் என் வீட்டுக்காரர் குறுக்கே நின்று தடுத்துவிட்டார். இழுத்தால் கூர்முனைகள் தசையைக் கிழிக்கும், உள்ளே ரத்தம் இன்னும் கொட்டும்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். இரண்டு கால்களுக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்தோம். முட்டிக்கு மேலும் கணுக்காலிலும் துண்டால் இரு கால்களையும் சேர்த்துத் தளர்வாகக் கட்டினோம். 108 வரும்வரை அசைக்கவில்லை. மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, கடைசியாக எதை எப்போது விழுங்கினார் என்று எழுதிக் கொடுத்தோம். மருத்துவமனையில் அந்தத் துண்டுச்சீட்டைக் கேட்காத ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இடுப்பு முறிந்தும் நடந்து வருபவர்கள் உண்டு. தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் விட்டு, துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகியிருந்தால் நொண்டிக்கொண்டே நடப்பார்கள். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். விழுந்த பிறகு அரையில், அதாவது தொடை இடுக்கில் வலி, பாரம் போட்டால் வலி என்று சொல்லிக்கொண்டே இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேட்டுவிடுங்கள்.

கட்டுப் போடுகிற வைத்தியரிடம் போகலாம் என்ற பேச்சு எங்கள் வீட்டிலும் வந்தது. கையெலும்புக்குக் கட்டுப் போட்டுச் சரியானவர்களை நானும் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றிச் சண்டைபோட வரவில்லை. ஆனால் இடுப்பில் மூங்கில் பத்தையை எங்கே வைத்து எப்படிச் சுற்றுவது? தொடையின் பெரிய தசைகள் எல்லாம் அந்த இடத்தை மேலே இழுத்துக்கொண்டிருக்கின்றன. வெளியே போடுகிற எந்தக் கட்டும் அதற்கு ஈடு கொடுக்காது.

பக்கத்து ஊரில் முதலில் போன மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, காலில் பிளாஸ்திரி ஒட்டிக் கயிறு கட்டி, கட்டில் கம்பிக்கு வெளியே செங்கல்லைத் தொங்கவிட்டார்கள். டாக்டர் வெளியூரிலிருந்து வாரக் கடைசியில் வருவாராம். "எப்படியும் ரத்த மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் ஆகணுமுங்க" என்றும் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்டபோது நியாயமாகத்தான் பட்டது. என் சித்தி மகள் கோயமுத்தூரில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அவளுக்கு போன் போட்டேன். "அக்கா, ஒரு வாரமெல்லாம் போட்டு வெச்சிராதீங்க. இன்னைக்கே கிளம்புங்க" என்றாள்.

அவள் சொன்ன காரணங்களை அப்படியே தருகிறேன். இடுப்பு முறிந்த முதியவரால் புரண்டுகூடப் படுக்க முடியாது. வலிக்குப் பயந்து மூச்சை ஆழமாக இழுக்கமாட்டார், நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரும். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம். பிட்டத்திலும் குதிகாலிலும் தோல் கறுத்து உரியும். யூரின் டியூப் போட்டால் அதன் வழியே கிருமி ஏறும். இதோடு, படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் தொடைத் தசை கரைந்துகொண்டே போகும். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி, நோயாளி சேர்ந்த அன்றோ மறுநாளோ அறுவை சிகிச்சை நடக்க வேண்டும் என்கிறது. பொதுவாக 48 மணி நேரத்துக்குள் என்று எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, நெஞ்சில் தண்ணீர், தாறுமாறான இதயத் துடிப்பு போன்றவற்றைச் சரிசெய்ய நேரம் எடுத்துக்கொள்வது வேறு. டாக்டர் ஊரில் இல்லை என்பதற்காகக் காத்திருப்பது வேறு.

குளோபிடோக்ரெல் விஷயமும் அப்படித்தான். கோயமுத்தூர் மயக்க மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, "இதனால முதுகுல ஊசி போட முடியாதுங்க, முழு மயக்கம் கொடுக்கறோம். அதுக்காகத் தள்ளிப்போடறதில்லை" என்று முடித்துவிட்டார். முதுகில் ஊசி போட்டால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டும் ஆபத்து என்பதால்தான் அந்த மாத்திரையை நிறுத்திப் பல நாள் காத்திருப்பது. முழு மயக்கத்தில் அந்தச் சிக்கல் இல்லை. ரத்தம் கொஞ்சம் கூடுதலாகப் போகலாம், ஏற்றுவதற்கு ரத்த பாட்டில் தயாராக இருந்தால் போதும். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் இன்னொரு மாத்திரையான வார்ஃபாரின் சாப்பிடுபவர்களுக்குக் கதை வேறு, அதன் வேலையை முறிக்கும் மருந்து கொடுத்து ரத்தத்தைச் சரிசெய்துகொண்டு செய்வார்கள். எதையும் நாமாக நிறுத்தவோ தொடரவோ கூடாது. ஆனால் 'ஏன் காத்திருக்கிறோம்' என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு, கேட்டால் நல்ல டாக்டர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

செங்கல் கட்டித் தொங்கவிடுவதால் வலி பெரிதாகக் குறைவதில்லை என்று ஆய்வுகள் பார்த்துச் சொல்லியிருக்கின்றனவாம். அத்தைக்கும் குறையவில்லை. கோயமுத்தூரில் அவசரப் பிரிவிலேயே அரையின் முன்பக்கம் ஸ்கேன் வைத்துப் பார்த்துக்கொண்டு நரம்பு மரத்துப்போக ஓர் ஊசி போட்டார்கள். அரை மணி நேரத்தில் அத்தை என்னைப் பார்த்து, "அம்மிணி, மாட்டுக்குத் தண்ணி காட்டீட்டாங்களா?" என்றார். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்தவர். இந்த ஊசி பற்றித் தெரியாமல் எத்தனை பேர் வலியில் கிடக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கேதான் எங்களுக்கு எக்ஸ்ரேயை வைத்து விளக்கினார்கள். தொடை எலும்பின் மேல்முனை இடுப்புக் கிண்ணத்துக்குள் உட்காரும் பந்து. பந்துக்குக் கீழே கழுத்து. கழுத்து தண்டோடு சேரும் இடத்தில் இரண்டு முட்டுகள், வெளிப்பக்கம் பெரியது, உள்பக்கம் சிறியது. கழுத்தில் முறிந்தால் பந்துக்குப் போகும் ரத்தமே அறுந்துபோகலாம். அதனால் வயதானவர்களுக்குத் துண்டு விலகியிருந்தால் பந்தை எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து வைப்பார்கள். முட்டுகளுக்கு நடுவே முறிந்தால் ரத்த ஓட்டத்துக்குக் குறைவில்லை. எலும்பு கூடிவிடும். எந்த வடிவத்தில் கூடுகிறது, அதுவரை ஆள் நடமாட முடிகிறதா என்பதுதான் அங்கே கவலை. எங்கள் உறவில் ஒருவர் "பேசாம மூட்டையே மாத்தி வெச்சிரலாமே" என்று கேட்டார். கூடக்கூடிய எலும்பை எடுத்துவிட்டு மூட்டு மாற்றுவது இன்னும் பெரிய அறுவை. இந்த வகை முறிவில் முதலில் அதற்குப் போவது குறைவு என்று பதில் வந்தது.

அத்தைக்கு முறிந்தது முட்டுகளுக்கு நடுவே. அதிலும் நிலையில்லாத வகை. இரண்டே துண்டாக முறிந்திருந்தால், இழுத்துப் பொருத்தினால் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். அத்தைக்கு உள்பக்கச் சிறு முட்டு தனியே பிரிந்து மேலே போய்விட்டது. நிற்கும்போது உடம்பின் எடை இறங்குகிற சுவரே அந்த உள்பக்கம்தான். அது இல்லாவிட்டால் பந்து உள்நோக்கிச் சரியும், கால் குட்டையாகும். போதாததற்கு வெளிப்பக்கச் சுவரும் மெல்லிதாகி விரிசல் விட்டிருந்தது. முறிவுக்கோடு வழக்கத்துக்கு மாறாக உள்ளிருந்து வெளியே கீழ்நோக்கி ஓடினாலும், முட்டுக்குக் கீழே தண்டுவரை இறங்கினாலும் இதே கணக்கில்தான் சேர்ப்பார்கள்.

எதை வைத்துப் பிடிப்பது என்பது அடுத்த கேள்வி. ஒன்று, பந்துக்குள் ஒரு பெரிய திருகாணியும் தொடையின் வெளிப்பக்கம் ஒரு பிளேட்டும். டி.எச்.எஸ். என்பார்கள். பல வருடம் பழகிய முறை, விலையும் குறைவு, நிலையான முறிவுக்கு இன்றைக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. இன்னொன்று, தொடை எலும்பின் நடுத்துளைக்குள் மேலிருந்து ஓர் ஆணியை இறக்கி, அதன் வழியே பந்துக்குள் திருகாணியோ சுருள் பிளேடோ செலுத்துவது. பி.எஃப்.என். என்று எழுதுவார்கள், நம் ஊர்ப் பேச்சில் 'ராடு'. நிலையில்லாத முறிவுக்கு ராடு ஏன் என்றால், அது எடை இறங்கும் கோட்டுக்குப் பக்கத்தில் உட்காருகிறது. தண்ணீர்க்குடத்தை இடுப்பில் ஒட்டி வைத்துச் சுமப்பதற்கும் கையை நீட்டிப் பிடித்துச் சுமப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். வெளியே இருக்கும் பிளேட்டில் வளைக்கும் விசை அதிகம். வெளிச்சுவர் உடைந்திருந்தால் தண்டு உள்பக்கமாக நழுவும்போது தாங்கி நிறுத்த அங்கே ஒன்றும் இருக்காது. ராடு அந்தச் சுவர் செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்கிறது.

இதை எதற்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், விலை கூடியதுதான் நல்லது என்று நினைத்து வெளிநாட்டுப் பிளேட், வெளிநாட்டு ராடு என்று பேரம் பேசுவதிலேயே எங்கள் பங்காளிகள் இறங்கிவிட்டார்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இது நிலையான முறிவா, நிலையில்லாததா? வெளிச்சுவர் எப்படி இருக்கிறது? எப்போது எழுந்து நிற்கலாம்? உலோகத்தின் தேசம் அதற்கப்புறம்தான்.

அறுவை நடந்த விதத்தைச் சித்தி மகள் விளக்கினாள். பாதத்தை ஒரு பூட்ஸில் மாட்டி, தனி மேஜையில் காலை இழுத்துத் திருப்பி, சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே முதலில் முறிவை நேர் செய்கிறார்கள். இதுதான் பாதி வேலை என்றாள். ராடு முறிவை நேர் செய்யாது, நேர் செய்ததைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். கோணலாகப் பிடித்தால் கோணலாகவே நிற்கும். இடுப்புக்கு மேல்பக்கம் ஒரு சிறு வெட்டு, கீழே இன்னும் ஒன்றிரண்டு. பெரிதாகப் பிளந்து திறப்பதில்லை. பந்துக்குள் போன திருகாணியின் நுனி பந்தின் நடுவில், மேல் ஓட்டுக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டுமாம். இரண்டு கோண எக்ஸ்ரேயிலும் நுனிக்கும் பந்தின் உச்சிக்கும் உள்ள தூரத்தை அளந்து கூட்டினால் 25 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது. கூடினால் உளுத்த எலும்பைத் திருகாணி கிழித்துக்கொண்டு வெளியே வரும் வாய்ப்பு அதிகம். இதையெல்லாம் நாம் அளந்து பார்க்கப் போவதில்லை. ஆனால் அறுவைக்குப் பிந்தைய எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் டாக்டர் செல்போனிலேயே படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. கோவை, பெருந்துறை அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனைகளும் அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் எடுத்துக்கொள்ளும். சேர்க்கும்போதே அங்கிருக்கும் காப்பீட்டு மேஜையில் அட்டையைக் கொடுக்க வேண்டும். கட்டணம் கட்டிவிட்டு அப்புறம் அட்டையை நீட்டினால் வேலைக்காகாது. அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றை இன்றைக்கே, யாரும் விழாதபோதே, வாங்கி அட்டை எடுத்துவிடுங்கள். 48 மணி நேர இலவசச் சிகிச்சை என்று கேள்விப்பட்டு ஒருவர் எங்களிடம் சொன்னார். அது சாலை விபத்துக்கானது, வீட்டில் விழுந்ததற்கு இல்லை.

அறுவை முடிந்ததும் எல்லாரும் மூச்சு விட்டார்கள். நிஜமான வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

அன்று சாயங்காலத்திலிருந்து அத்தை அத்தையாக இல்லை. செத்துப்போன மாமாவைக் கூப்பிட்டார். கட்டில் விரிப்பைப் பிடித்துக் கயிறு மாதிரி இழுத்துக்கொண்டே, "கன்னு பால் குடிச்சிட்டிருக்குது, புடிச்சுக் கட்டு" என்று என்னை அதட்டினார். கையிலிருந்த டிரிப் ஊசியைப் பிடுங்கினார். பகலில் தூங்கினார், ராத்திரி முழுக்கப் பேசினார். பார்க்க வந்த பெரியம்மா ஒருவர் தியேட்டரில் ஏதோ அண்டிவிட்டது என்று திருநீறு மந்திரித்து வாங்கி வந்தார். திருநீற்றைப் பூசிவிட்டோம், அதில் தப்பில்லை. ஆனால் கூடவே நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னோம்.

இடுப்பு அறுவைக்குப் பிறகு முதியவர்களுக்கு இப்படிக் குழப்பம் வருவது ரொம்பச் சாதாரணம். ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம், ஆக்சிஜன் குறையலாம், யூரின் கிருமி, அடக்கிய வலி, மலச்சிக்கல், தூக்க மாத்திரை, எதுவும் காரணமாகலாம். அத்தைக்கு சோடியம் குறைந்திருந்தது, ஹீமோகுளோபினும் இறங்கியிருந்தது. அறுவையில் போன ரத்தம் மட்டும் கணக்கில்லை. முறிந்த இடத்திலிருந்து தொடைக்குள்ளேயே ரத்தம் கசிந்து தேங்கும், அதனால் இரண்டொரு நாள் கழித்துத்தான் அளவு கீழே போகும். ரத்தம் ஏற்றினார்கள். நாங்கள் எங்கள் பங்குக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டோம், காது மெஷினை வீட்டிலிருந்து வரவழைத்தோம், ஜன்னல் பக்கக் கட்டிலுக்கு மாற்றச் சொன்னோம். ராத்திரி முறை வைத்துப் பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருந்தது. யூரின் டியூபைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லிக் கேட்டோம். கையைக் கட்டிப்போட மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. கட்டினால் பயம் கூடும், முரண்டு கூடும். மெல்ல மெல்லத் தெளிந்துவிட்டார். காது மெஷின் இல்லாத முதியவரிடம் டாக்டர் கேள்வி கேட்டால் தப்பான பதில்தான் வரும், அதை 'மூளை குழம்பிவிட்டது' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். சின்ன விஷயம், ஆனால் மறக்கவே கூடாதது.

மறுநாளே பிசியோதெரபிஸ்ட் வந்து கட்டிலில் உட்காரவைத்து, வாக்கரைப் பிடித்து நிற்கவைத்தார். எங்கள் வீட்டு ஆண்கள் பதறிப்போனார்கள். கால் ஊன்றக்கூடாது, மூன்று மாதம் படுக்கணும் என்பது பழைய நினைப்பு. முதியவர்களால் பாதி பாரம், கால் பாரம் என்று அளந்து ஊன்ற முடியாது. ஒன்று முழுசாக ஊன்றுவார்கள், இல்லை படுத்துவிடுவார்கள். உடனே ஊன்றத் தாங்க வேண்டும் என்பதற்காகத்தான் ராடு வைப்பதே. உங்கள் டாக்டர் எவ்வளவு பாரம் போடலாம் என்கிறாரோ அதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாக வரும் ஒவ்வொருவரும் "எந்திரிக்காதீங்க, அசைக்காதீங்க" என்றுதான் சொல்லப்போகிறார்கள். எழுதியது இருந்தால் அதைக் காட்டலாம். எனக்கு அது பலமுறை உதவியது. மருமகள் சொன்னால் கிழவியை நடக்கவிட்டுக் கொல்கிறாள் என்பார்கள், டாக்டர் எழுதியிருந்தால் பேச்சு நின்றுவிடும்.

முதல் நாள் நின்றபோது அத்தைக்குத் தலை சுற்றியது, உட்காரவைத்தோம். அப்புறம் நின்றார். அப்புறம் கதவுவரை. வலி மாத்திரையை நடக்கவைப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் கொடுத்தால் நடை எளிது என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். படுக்கையில் இருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் ஆட்டச் சொன்னார்கள். ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் தினம் ஓர் ஊசி, ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு. சதையைக் கிள்ளிப் பிடித்து நேராகக் குத்தும் விதத்தை நர்ஸிடம் கற்றுக்கொண்டு நானே போட்டேன். குதிகாலில் புண் வராமலிருக்கத் தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைக்கிறார்கள் பலர். அது தப்பு. கெண்டைக்காலுக்கு அடியில் வைத்து, குதிகால் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். ஏர் பெட் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் ஏர் பெட் போட்டுவிட்டோம் என்று புரட்டாமல் இருந்துவிடக் கூடாது.

வீட்டில் பெரிய சிக்கல் கக்கூஸ்தான். எங்கள் தோட்டத்து வீட்டில் அது வாசலைத் தாண்டி, இரண்டு படி இறங்கிப் போகணும், அதுவும் குத்தவைக்கிற மாதிரி. உட்கார்ந்து போகும் நாற்காலி ஒன்று வாங்கிக் கட்டில் பக்கத்தில் போட்டோம். அத்தை அதில் உட்கார ஒரேயடியாக மறுத்தார். "வீட்டுக்குள்ளயா? நாஞ் செத்தாலும் ஆவாது" என்று அழுதார். கடைசியில் பழைய நெல் அறையைக் காலி செய்து, அதில் நாற்காலியைப் போட்டு, கதவு மாட்டிக் கொடுத்தோம். கதவு வந்ததும் சம்மதித்தார். மானம் பற்றிய இந்த விஷயத்தை எந்த டிஸ்சார்ஜ் சீட்டும் எழுதாது. தண்ணீரைக் குறைத்துக் குடித்துச் சமாளிக்கப் பார்ப்பார்கள், அதில்தான் யூரின் கிருமியும் மலச்சிக்கலும் வருகிறது.

வாசற்படி உயரம், ஈரமான குளியல் கல், ராத்திரி இருட்டு, தேய்ந்த ஹவாய்ச் செருப்பு, காலில் தட்டும் மிதியடிச் சாக்கு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் களைந்தோம். சுவரில் கைப்பிடிக் குழாய் அடிக்க உள்ளூர் பிளம்பரே போதும். ஒரு கண்ணில் புரை இருந்ததும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு எழுந்தவுடன் தலை சுற்றுகிறதா என்று நிற்கவைத்தும் பிரஷர் பார்க்கச் சொன்னோம், அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள்.

சாப்பாட்டில் ஆட்டுக்கால் சூப்புக்கு எங்கள் ஊரில் இருக்கும் மரியாதையே தனி. குடித்தால் நல்லதுதான், வாய்க்கு ருசியாக உள்ளே போகிறது. ஆனால் எலும்பு ஒட்டுவது சூப்பால் என்று நினைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடக் கூடாது. கரைந்துபோன தசையைத் திரும்பக் கொண்டுவரப் புரதம் வேண்டும். முட்டை, பச்சைப்பயறு கடைசல், கொள்ளுப்பருப்பு, தயிர், நாட்டுக்கோழி என்று அவருக்குப் பழகியதையே கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுத்தோம். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, களியோ கூழோ எது இறங்குகிறதோ அது.

பிசியோதெரபிஸ்ட்டைத் தினமும் வரவழைக்கக் கட்டுப்படியாகாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு உண்டு.

ஆறு வாரத்திலும் மூன்று மாதத்திலும் எக்ஸ்ரே எடுத்தோம். கால் ஒரு விரற்கடை குட்டையாகியிருந்தது. பதறிவிட்டேன். முறிந்த முனைகள் ஒன்றோடொன்று அழுந்திக் கூடுவதற்காகத் திருகாணி சற்றே வழுக்கி இறங்கும்படிதான் செய்திருக்கிறார்களாம். செருப்பில் குதிகாலை உயர்த்திக்கொண்டதில் சரியாகிவிட்டது. ஆனால் நன்றாக நடந்துகொண்டிருந்தவருக்குத் திடீரென்று அரையில் வலி கூடி, ஊன்ற முடியாமல் போனால், கால் சட்டென்று இன்னும் குட்டையானால், காய்ச்சலோடு தையலில் நீர் வடிந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் மூச்சு வாங்கினாலும் அப்படியே.

எலும்பு உளுத்தது பற்றிச் சொல்கிறேன் என்றேன். ராடு வைத்ததோடு சிகிச்சை முடிந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள், பல மருத்துவமனைகளும் அப்படித்தான் அனுப்பிவைக்கின்றன. நின்ற இடத்தில் விழுந்து இடுப்பு முறிந்தாலே எலும்பு உளுத்துப்போகும் நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்) இருக்கிறது என்று அர்த்தம், அதற்கு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வந்து சாட்சி சொல்ல வேண்டியதில்லை. அடுத்து முறிய இன்னொரு இடுப்பு இருக்கிறது, முதுகெலும்பு இருக்கிறது. சோலெட்ரானிக் ஆசிட் என்ற மருந்தை வருடத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்றுகிறார்கள். இடுப்பு முறிந்தவர்களுக்கு 90 நாளுக்குள் இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-ல் வந்தது. மருந்தில்லாத டிரிப் ஏற்றியவர்களோடு ஒப்பிட்டால் மறுபடி முறிவது 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்திருந்தது. அதற்கு முன் சிறுநீரகமும் வைட்டமின் டி அளவும் பார்க்க வேண்டும், பல் பிடுங்க வேண்டியிருந்தால் முதலிலேயே முடித்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். அத்தைக்கு வந்தது, பாராசிட்டமாலில் போய்விட்டது. நாங்களாகக் கேட்டுத்தான் இந்த ஊசி கிடைத்தது. நீங்களும் கேளுங்கள்.

இப்போது அத்தை கைத்தடியோடு நடக்கிறார். பால் பீச்ச விடுவதில்லை, அதில் அவருக்கு என்மேல் தீராத கோபம். கட்டுத்தரைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் பீச்சும் விதத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறார். முழுசாகப் பழைய நடை வரவில்லை. இடுப்பு முறிந்தவர்களில் பாதிப் பேருக்காவது அது வருவதில்லை என்கிறார்கள்.

கடைசியாக, கோயிலிலும் கல்யாணத்திலும் எல்லாரும் கேட்பது: "ராடை எப்பங்க எடுப்பாங்க?" எடுக்க வேண்டியதில்லை. வலியோ கிருமியோ இருந்தாலொழிய முதியவர்களுக்கு அது அப்படியே உள்ளே இருந்துவிடும். டைட்டானியம் என்றால் பிற்பாடு வேறு காரணத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கவும் பெரும்பாலும் தடையில்லை. ஸ்கேன் சென்டரில் கேட்பார்கள், அதனால் உள்ளே வைத்த ராடின் ஸ்டிக்கர் ஒட்டிய தாளை ரேஷன் கார்டு வைக்கும் பையிலேயே போட்டு வைத்துவிடுங்கள்.